குடல் பெப்டைடுகள்: எலியைத் தாண்டாத சான்று

பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைக் கோத்த குட்டைச் சரம். சரம் நீண்டு, மடிந்து, ஓர் உருவம் எடுத்துக்கொண்டால் அது புரதம். எங்கே பெப்டைடு முடிந்து புரதம் தொடங்குகிறது என்பதற்குக் கறாரான எல்லை கிடையாது. ஏறத்தாழ 50 அமினோ அமிலம் என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. மனிதக் குடலுக்கு இந்தச் சரங்கள் புதியவை அல்ல. சாப்பிட்ட பருப்பும் மீனும் முட்டையும் அங்கே முதலில் பெப்டைடுகளாகத்தான் உடைகின்றன. குடலே தன் பங்குக்குப் பல பெப்டைடுகளைச் சுரந்து, பசியையும் அசைவையும் நீர்ச்சுரப்பையும் உட்சுவரின் வளர்ச்சியையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே குடல் நோய்க்கு ஒரு பெப்டைடு மருந்தாகலாம் என்ற எண்ணத்தில் விசித்திரம் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட மருந்துகள் சில இருக்கவும் செய்கின்றன. ‘குடல் கசிவை அடைக்கும்’, ‘புண்ணை ஆற்றும்’ என்ற வாக்குறுதியோடு மாத்திரையாகவும் ஊசிக் குப்பியாகவும் விற்பனைக்கு வரும் பி.பி.சி.-157, கே.பி.வி., லாராசோடைடு போன்றவற்றை அந்த வரிசையில் சேர்க்க முடியுமா என்பதே கேள்வி.

விழுங்கிய பெப்டைடு முதலில் செரிமானத்திலிருந்து தப்ப வேண்டும். இரைப்பையில் அமிலமும் பெப்சினும் காத்திருக்கின்றன. அதைத் தாண்டினால் கணையத்திலிருந்து வரும் டிரிப்சினும் கைமோடிரிப்சினும் வெட்டுகின்றன. மிஞ்சிய துண்டுகளைச் சிறுகுடல் சுவரின் விளிம்பில் உள்ள நொதிகள் மேலும் நறுக்குகின்றன. சுவரைக் கடந்து உள்ளே செல்ல ‘பெப்டி-1’ என்ற கடத்தி இருக்கிறது. ஆனால் அது இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலம் கொண்ட துணுக்குகளை மட்டுமே ஏற்றிச் செல்லும். 1922இல் டொரண்டோவில் முதல் நோயாளிக்குச் செலுத்திய நாள் முதல் இன்சுலினை மாத்திரையாகக் கொடுக்க முடியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். நீரிழிவுக்கான பெப்டைடு மருந்தான செமாகுளூடைடை மாத்திரையாக்க ஒரு பெரிய நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்தது. உறிஞ்சுதலுக்கு உதவும் துணைப்பொருளையும் சேர்த்தது. 2019இல் அந்த மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோதும், விழுங்கும் மருந்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் இரத்தத்தை அடைந்தது.

குடல் நோயைப் பொறுத்தவரை இந்தத் தடையை அப்படியே தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. மருந்து இரத்தத்துக்குப் போக வேண்டிய கட்டாயமே இங்கே இல்லை. குடலின் உட்புறத்திலேயே நின்று வேலை செய்தால் போதும். லினாகுளோடைடு அப்படித்தான் செய்கிறது. 14 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் சரத்தை மூன்று கந்தகப் பிணைப்புகள் முடிச்சுப்போட்டு இறுக்கி வைத்திருப்பதால் நொதிகளால் எளிதில் அவிழ்க்க முடிவதில்லை. இதன் மூலக்கதை சுவையானது. ஈ. கோலை பாக்டீரியாவின் சில வகைகள் வயிற்றுப்போக்கை உண்டாக்கப் பயன்படுத்தும் நச்சின் அமைப்பை ஒட்டி உருவாக்கப்பட்டது இது. குடல் சுவரில் எந்த ஏற்பியைத் தட்டி அந்தக் கிருமி நீரைக் கொட்டவைக்கிறதோ, அதே ஏற்பியை அளவாகத் தட்டி மலச்சிக்கலைத் தளர்த்துகிறார்கள்.

இந்த மருந்து கடந்துவந்த பாதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மலச்சிக்கலோடு கூடிய எரிச்சல் குடல் நோய்க்கு (ஐ.பி.எஸ்.) இதை இரண்டு பெரிய பரிசோதனைகளில் சோதித்தார்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 800 பேர். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. வலியும் மலச்சிக்கலும் எவ்வளவு குறைந்தால் ‘பலன்’ என்று கணக்கிடுவது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். 26 வாரப் பரிசோதனையில் மருந்து பெற்றவர்களில் 33.7 சதவீதம் பேர் அந்த அளவுகோலைத் தொட்டனர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 13.9 சதவீதம். இன்னொன்றில் 33.6 சதவீதமும் 21 சதவீதமும். மூன்றில் இரண்டு பேருக்கு, அந்த அளவுகோலின்படி, பலன் இல்லை. ஐந்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. 2012இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது இந்த அடக்கமான எண்களின் மேல்தான். விளம்பரத்துக்கு ஏற்ற எண்கள் அல்ல; ஆனால் நம்பக்கூடியவை.

அதே ஆண்டில் அனுமதி பெற்ற டெடுகுளூடைடு வேறொரு பாடம். சாப்பிட்ட பிறகு குடல் இயல்பாகச் சுரக்கும் ஜி.எல்.பி.-2 என்ற பெப்டைடு, குடலின் உட்சுவரை வளரச் செய்கிறது என்பதை 1996இல் டொரண்டோவில் டேனியல் டிரக்கரின் குழு கண்டறிந்தது. உடலில் அது சில நிமிடங்களே தாங்கும். சரத்தின் தொடக்க முனையில் இரண்டாம் இடத்தில் உள்ள அலனைனை ஒரு நொதி குறிவைத்து வெட்டிவிடும். அந்த ஒரே இடத்தில் கிளைசினை வைத்ததும் அரை ஆயுள் ஏறத்தாழ இரண்டு மணி நேரமாக நீண்டது. குடலின் பெரும்பகுதியை அறுவையில் இழந்து, நரம்பு வழியே ஏற்றும் ஊட்டத்தை நம்பி வாழ்பவர்கள் 86 பேரிடம் இதைச் சோதித்தபோது, மருந்து பெற்ற 43 பேரில் 27 பேருக்கு அந்த ஊட்டத்தின் அளவை ஐந்தில் ஒரு பங்காவது குறைக்க முடிந்தது. வெற்று ஊசி பெற்ற 43 பேரில் 13 பேருக்கும் முடிந்தது. குடல் செல்களை வளரச்சொல்லும் மருந்து, வளரக் கூடாததையும் வளரச்சொல்லலாம். அதனால்தான் மருந்தைத் தொடங்குமுன் பெருங்குடலை உள்நோக்கியால் பார்த்து, பாலிப் இருந்தால் அகற்ற வேண்டும் என்ற எச்சரிக்கை அதனுடன் வருகிறது. ‘குடலைப் புதுப்பிக்கும்’ என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் என்ன விலை என்பது இதிலிருந்து விளங்கும்.

பி.பி.சி.-157 இந்தப் பாதையின் தொடக்கத்திலேயே நிற்கிறது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக. குரோவேஷியாவின் சாக்ரெப் பல்கலைக்கழகத்தில் பிரெட்ராக் சிக்கிரிச் தலைமையிலான குழு 1990களின் தொடக்கத்தில் இதை அறிமுகப்படுத்தியது. மனித இரைப்பைச் சாற்றில் உள்ள ஒரு பெரிய புரதத்தின் துண்டு இது என்று அந்தக் குழு விவரித்தது. ‘உடலைக் காக்கும் சேர்மம்’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே பி.பி.சி. விற்பனைக்கு வருவது சாற்றிலிருந்து வடித்தது அல்ல, ஆய்வகத்தில் கோத்தது. 15 அமினோ அமிலங்களில் நான்கு புரோலின்கள். அவற்றில் மூன்று அடுத்தடுத்து நிற்கின்றன. புரோலின் இருக்கும் இடத்தில் வெட்டப் பெரும்பாலான நொதிகள் திணறும். இரைப்பைச் சாற்றில் இது ஒரு நாள் முழுக்கச் சிதையாமல் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் சொல்வது நம்ப முடியாததல்ல. ஆனால் சிதையாமல் இருப்பதால் மட்டும் எதுவும் மருந்தாகிவிடாது; மணலும்தான் சிதைவதில்லை.

ஆய்வுகளுக்குப் பஞ்சமே இல்லை. எலிக்கு சிஸ்டியமின் கொடுத்து முன்சிறுகுடலில் புண் உண்டாக்கினார்கள். வலி மாத்திரைகளாலும் சாராயத்தாலும் இரைப்பைச் சுவரை அரித்தார்கள். குடலை வெட்டித் தைத்தார்கள். பெருங்குடலுக்கும் தோலுக்கும் இடையே புரைவழி ஏற்படுத்தினார்கள். குதிகால் தசைநாணை அறுத்தார்கள். எல்லாவற்றிலும் பி.பி.சி.-157 நன்மை செய்ததாகவே முடிவு. வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டாலும் குடிநீரில் கலந்தாலும் ஒரே பலன். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் கொடுத்தாலும் பலன், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான 10 நானோகிராம் கொடுத்தாலும் பலன் என்று பல கட்டுரைகள் சொல்கின்றன.

அனுபவமுள்ள மருந்தியலாளர் ஒருவரை இந்தப் பட்டியல் உற்சாகப்படுத்துவதற்குப் பதில் நெற்றியைச் சுருக்க வைக்கும். எந்த மருந்துக்கும் அளவுக்கும் விளைவுக்கும் ஓர் உறவு உண்டு. அளவைக் குறைத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் பலன் மங்க வேண்டும். அந்த இடம் தெரிந்தால்தான் மருந்து எந்தப் பூட்டில் பொருந்துகிறது என்பதை ஊகிக்க முடியும். ஆயிரம் மடங்கு இடைவெளியில் பலன் மாறாமல் இருப்பது, ஏற்பி மிக விரைவில் நிரம்பிவிடுகிறது என்று பொருள்படலாம். ஆய்வு முறை எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ சொல்கிறது என்றும் பொருள்படலாம். எது என்று தீர்க்க வேண்டுமானால் வேறு கைகள் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பி.பி.சி.-157 பற்றிய குடல் ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை சாக்ரெப் குழுவிடமிருந்தே வந்தவை; அதன் தலைவர் இந்தப் பெப்டைடு தொடர்பான காப்புரிமைகளிலும் கண்டுபிடிப்பாளராக இருக்கிறார். இதில் குற்றம் எதுவும் இல்லை. வழக்கில் ஒரே சாட்சி எத்தனை முறை கூண்டேறினாலும் சாட்சி ஒன்றுதான், அவ்வளவே. தைவானில் ஒரு குழு தசைநாண் செல்களையும் இரத்தக் குழாய் செல்களையும் வைத்துத் தனியாக ஆராய்ந்திருக்கிறது. சீனாவில் ஒரு குழு எலிக்கும் நாய்க்கும் ஊசி போட்டு, உடலில் அதன் அரை ஆயுள் 30 நிமிடத்துக்கும் குறைவு என்று 2022இல் வெளியிட்டது. விலங்குகளில் பெரிய நச்சு விளைவு எதுவும் இதுவரை தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எலியின் பெருங்குடல் அழற்சியும் மனிதனுக்கு வரும் பெருங்குடல் புண் அழற்சியும் பெயரில்தான் உறவு. ஆய்வகத்தில் ஒரு மெல்லிய குழாய் வழியே எலியின் மலக்குடலுக்குள் டி.என்.பி.எஸ். என்ற வேதிப்பொருளைச் சாராயத்தில் கரைத்துச் செலுத்துகிறார்கள். ஓரிரு நாளில் சுவர் தடித்து, சிவந்து, புண்ணாகிறது. ஒரே ஒரு முறை செலுத்தினால் சில வாரங்களில் அது தானாகவே ஆறத் தொடங்கும். இரசாயனத் தீக்காயத்தை ஒத்த இந்தப் புண்ணை விரைவாக ஆற்றுவது ஒரு வேலை. தன் உடலின் எதிர்ப்பாற்றலே ஆண்டுக்கணக்கில் குடலைத் தாக்க, அடங்கியும் கிளம்பியும் தொடரும் மனித நோயை அடக்குவது முற்றிலும் வேறு வேலை. இந்த இடைவெளியில் விழுந்தவை பல. ஐ.எல்.-17 என்ற அழற்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் செகுகினுமாப், சொரியாசிஸ் நோய்க்கு நல்ல மருந்து. கிரோன் குடல் நோயிலும் அதே சமிக்ஞை மிகுந்திருப்பதால் அங்கேயும் பலிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2012இல் வெளியான மனிதப் பரிசோதனையில் பலன் இல்லை. பக்க விளைவுகள்தாம் கூடின. காரணம் புரிகிறது என்பதற்காக மருந்து வேலை செய்துவிடுவதில்லை.

பி.பி.சி.-157ஐ மனிதக் குடலில் சோதிக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. குரோவேஷிய மருந்து நிறுவனமான பிளிவா, பி.எல். 14736 என்ற பெயரில் இதை எனிமாவாகத் தயாரித்து, பெருங்குடல் புண் அழற்சி நோயாளிகளிடம் இரண்டாம் கட்டப் பரிசோதனை வரை கொண்டுசென்றது. 2005இல் ஒரு மாநாட்டுச் சுருக்கம் வந்தது. முழு ஆய்வுக் கட்டுரை வரவில்லை. மருந்தும் சந்தைக்கு வரவில்லை. 2015இல் 42 ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் கொண்டு ஒரு முதற்கட்டப் பரிசோதனை பதிவாயிற்று. அதன் முடிவுகளும் வெளியாகவில்லை. பிரசுரமான மனித ஆய்வுகளாக அடிக்கடி காட்டப்படுபவை மூன்று: மூட்டுவலிக்கு முழங்காலில் ஊசி போட்டுக்கொண்ட 16 பேரின் பழைய பதிவுகள், சிறுநீர்ப்பை வலி உள்ள 12 பேர், நரம்பில் ஏற்றிக்கொண்ட இரண்டே பேர். எதிலும் வெற்று மருந்து பெற்ற ஒப்பீட்டுக் குழு இல்லை. எதுவும் குடல் பற்றியதும் அல்ல.

ஒப்பீட்டுக் குழு இல்லாத குறை குடல் விஷயத்தில் மிகப் பெரியது. எரிச்சல் குடல் நோய்க்கான 73 பரிசோதனைகளில் வெற்று மருந்து பெற்ற 8,000க்கும் மேற்பட்டவர்களைத் திரட்டிப் பார்த்த ஒரு பகுப்பாய்வில், அவர்களில் 37.5 சதவீதம் பேர் குணம் தெரிந்ததாகச் சொல்லியிருந்தார்கள். இன்னும் வியப்பானது 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கேப்சக் குழு வெளியிட்ட சோதனை. ‘இதில் மருந்து எதுவும் இல்லை’ என்று நோயாளிகளிடம் வெளிப்படையாகச் சொல்லியே வெற்று மாத்திரையைக் கொடுத்தார்கள். 59 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் போதுமான அளவு தணிந்தன; எதுவும் பெறாதவர்களில் 35 சதவீதம். குடல் நோய் அலைபோல ஏறி இறங்கும். ஏற்றத்தின் உச்சியில்தான் ஒருவர் புது மருந்தைத் தேடிப் போகிறார். அடுத்து வருவது இறக்கம். பெப்டைடு வாங்கி ஆறு வாரத்தில் வயிறு சரியானது என்று ஒருவர் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். பெப்டைடுதான் சரிசெய்தது என்பதற்கு அது சான்றாகாது.

லாராசோடைடின் கதையில், வெற்று மருந்தோடு ஒப்பிடும் இந்தக் கணக்கு முழுவதும் நடந்து முடிந்திருக்கிறது. காலரா கிருமி, குடல் செல்களுக்கு இடையே உள்ள இறுக்கமான இணைப்புகளைத் தளர்த்தும் ஒரு நச்சைச் சுரக்கிறது என்று 1991இல் அலெசியோ ஃபசானோவும் அவரது சகாக்களும் கண்டார்கள். மனித உடலே அதுபோன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது என்று 2000இல் அறிவித்து, அதற்குச் சோனுலின் என்று பெயரிட்டார்கள். அந்த நச்சின் ஒரு துண்டை ஒத்த, எட்டே அமினோ அமிலம் கொண்ட லாராசோடைடு, திறந்த இணைப்பை மீண்டும் மூடும் என்பது கருதுகோள். கோதுமையின் குளூட்டனால் குடல் சிதையும் சீலியாக் நோய்க்கு இது பொருத்தமாகத் தோன்றியது. குளூட்டனைத் தவிர்த்தும் அறிகுறி நீங்காத 342 பேரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2015இல் வந்தது. 0.5 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு அறிகுறிகள் குறைந்தன. 1 மில்லிகிராமும் 2 மில்லிகிராமும் பெற்றவர்களுக்கு வெற்று மாத்திரையைவிட மேலான பலன் இல்லை. குறைந்த அளவு மட்டும் பலித்து, கூடிய அளவுகள் பலிக்காதபோது இரண்டு விளக்கங்கள் உண்டு: மருந்தின் இயல்பு அப்படி, அல்லது அந்த ஒரு குழுவில் தற்செயல் கைகொடுத்தது. அதைத் தீர்மானிக்கத்தான் மூன்றாம் கட்டப் பரிசோதனை. 2022 ஜூனில், பாதி வழியில் பார்த்த இடைக்காலக் கணக்கு, வித்தியாசம் ஒன்றை நிரூபிக்க வேண்டுமானால் கட்டுப்படியாகாத எண்ணிக்கையில் நோயாளிகள் தேவைப்படுவார்கள் என்று காட்டியது. பரிசோதனை நிறுத்தப்பட்டது. அதை நடத்திய நிறுவனம் மறு ஆண்டே திவாலானது.

இவ்வளவு தூரம் வந்து தோற்றதால் லாராசோடைடைப் பற்றி உறுதியாகப் பேச முடிகிறது. பி.பி.சி.-157க்குத் தோற்பதற்கான வாய்ப்பே இன்னும் கிடைக்கவில்லை. விற்பனையாளர்கள் அதைத் தோல்வி காணாத மருந்தாகக் காட்ட முடிவது அதனால்தான்.

‘குடல் கசிவை’ அளந்து காட்டுவதாகச் சொல்லும் சோதனைகளிலும் ஒரு கோளாறு உண்டு. சோனுலின் என்பது ஹாப்டோகுளோபின்-2 என்ற புரதத்தின் முன்வடிவமே என்று 2009இல் ஃபசானோவின் குழு அடையாளம் கண்டது. ஆனால் இரத்தத்தில் சோனுலின் அளவைச் சொல்வதாகப் பரவலாக விற்கப்பட்ட சோதனைப் பெட்டி, உண்மையில் அந்தப் புரதத்தைக் கண்டறிவதில்லை என்று 2018இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கசிவு ‘இருக்கிறது’ என்று சொல்லும் அறிக்கையும், பெப்டைடு எடுத்தபின் ‘குறைந்திருக்கிறது’ என்று சொல்லும் அறிக்கையும் எதை அளக்கின்றன என்பதே தெளிவில்லாதபோது, அவற்றை வைத்து மருந்தின் பலனைக் கணக்கிட வழியில்லை.

கே.பி.வி. மூன்றே அமினோ அமிலம்: லைசின், புரோலின், வாலின். தோல் நிறத்தோடு தொடர்புடைய ஒரு ஹார்மோனின் வால்பகுதி. பெப்டி-1 கடத்தி இதை ஏற்றிச் செல்லும் என்பதால் வாய்வழி மருந்தாகும் தகுதி மற்றவற்றைவிட இதற்கு அதிகம். சுண்டெலிகளில் குடல் அழற்சியைக் குறைத்ததாக 2008இல் நல்ல ஆய்வொன்று வந்தது. விற்பனைச் சீட்டுகள் இன்றும் அந்தச் சுண்டெலிகளைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றன.

பாதுகாப்பைப் பற்றிய கவலை இரு வகை. முதலாவது, பொருள் செய்யும் வேலையிலேயே இருக்கிறது. பி.பி.சி.-157 புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தூண்டுகிறது என்பதே அதன் புண்ணாற்றும் திறனுக்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். வளரும் கட்டிக்கும் முதல் தேவை புதிய இரத்தக் குழாய்தான். பி.பி.சி.-157 புற்றை உண்டாக்கும் என்று யாரும் காட்டவில்லை. ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்ட மனிதர்களைத் தொடர்ந்து கவனிக்காததால், உண்டாக்காது என்றும் யாரும் காட்டவில்லை. டெடுகுளூடைடுக்கு உள்நோக்கிச் சோதனை கட்டாயம். அதே ஐயம் எழக்கூடிய இந்தப் பொருளைத் தபாலில் வரவழைத்து வீட்டில் போட்டுக்கொள்ள முடிகிறது. 2022இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இதை அனுமதி பெறாத பொருள்களின் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2023 செப்டம்பரில் எஃப்.டி.ஏ., மருந்தகங்கள் தாமே கலந்து தயாரிக்கும் மருந்துகளைப் பொறுத்தவரை, கணிசமான அபாயம் இருக்கக்கூடிய பொருள்களின் வகையில் இதை வைத்தது. எதிர்ப்பாற்றல் கிளர்ந்தெழலாம், கலப்பு மாசுகள் இருக்கலாம், மனிதர்களிடம் போதிய தரவு இல்லை என்பவை அது சொன்ன காரணங்கள்.

இரண்டாவது கவலை குப்பிக்குள் இருக்கிறது. அமினோ அமிலங்களை ஒரு திடமான மணியின்மேல் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போகும் முறையை ராபர்ட் மெரிஃபீல்ட் 1963இல் வெளியிட்டார். 1984இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். பெப்டைடு மலிவாகக் கிடைப்பது அவரது தயவு. ஒவ்வொரு கண்ணி கோக்கும்போதும் சில சரங்கள் அந்தக் கண்ணியைத் தவறவிட்டுவிடும். 15 கண்ணிகள் முடியும்போது ஒன்றிரண்டு அமினோ அமிலம் குறைந்த சரங்களும் கூட்டத்தில் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்கும் சுத்திகரிப்புதான் செலவு பிடிக்கும் வேலை. கடைசியில் உறையவைத்து உலர்த்திய வெள்ளைத் தூள், சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பியின் அடியில் ஒரு மெல்லிய வட்டாக ஒட்டிக்கிடக்கும். மேலே ‘5 மி.கி.’, ‘தூய்மை 99%’, அதன் கீழே பொடி எழுத்தில் ‘ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல’. அந்த 99 என்பது, கரைசலைப் பிரித்துப் புற ஊதா ஒளியில் பார்க்கும் கருவி காணும் பொருள்களுக்குள் பெப்டைடின் பங்கு. கருவிக்குத் தெரியாத நீரும், தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்ட அசிடேட் உப்பும் அதில் கணக்கில் வராது. ஆகவே தராசில் 5 மில்லிகிராம் காட்டும் தூளில் பெப்டைடு அதைவிடக் குறைவாகவே இருக்கும். பாக்டீரியாச் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சினையும் அந்தக் கருவி காணாது. ஊசியில் ஏறினால் காய்ச்சலையும் குளிர் நடுக்கத்தையும் கொண்டுவரக்கூடிய அதற்குத் தனிச் சோதனை வேண்டும். அந்த முடிவு ஒட்டுச்சீட்டில் அச்சாவதில்லை.